பூஜ்யம் என்று யார் சொன்னது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹைப்போபுரோமஸ் அமில ஆவியின் ஒளி உறிஞ்சலை அளக்கும் ஆய்வு மாணவன் நான். 430 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மேல் தெரிந்த மெலிந்த ஏற்றம் புரோமின் கலப்படம்தான் என்று கழித்துப் பூஜ்யமாக்கிவிட்டேன். செயற்கைக்கோளே புரோமின் ஆக்சைடைப் பார்க்கிற காலத்தில் இந்தக் கண்ணாடிக்குழாய் வேலைக்கு என்ன மதிப்பு? சோர்வாக இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

சோர்வு நன்றாகத் தூங்கினால் போய்விடும். செயற்கைக்கோள் பார்ப்பது சூரிய ஒளியில் விழுந்த பள்ளங்களை மட்டும்தான். அதை மூலக்கூறுகளின் எண்ணிக்கையாக்கித் தருவது உங்களைப் போன்ற ஒருவர் குழாயில் அளந்த எண். அந்தக் கேள்விக்கு இது போதும்.

என்னை உறுத்துவது 'பூஜ்யமாக்கிவிட்டேன்' என்ற சொல். நானும் ஒரு காலத்தில் அதே உறிஞ்சல் வரைபடக் கோட்டின் நுனியை ரப்பரால் அழித்து, அச்சோடு படியவைத்துக் கொடுத்தவன். என் வழிகாட்டி தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பென்சில் அழுந்திய தடம் அப்படியே தெரிந்தது. "பூஜ்யம் என்று அளந்தாயா, முடிவு செய்தாயா?" என்றார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த அமிலத்தைப் புரோமின் கலக்காமல் பிடித்துவைப்பது குதிரைக்கொம்பு. 457 நானோமீட்டரில் புரோமின் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஒளியை விழுங்கும். நூற்றுக்குச் சில பங்கு கலந்தாலே ஏமாந்துபோவோம். 1996-இல் ஒரு குழு இதை எப்படித் தாண்டியது தெரியுமா? விழுங்கப்பட்ட ஒளியை அளப்பதை விட்டுவிட்டு, லேசரால் மூலக்கூறை உடைத்து, தெறித்து வந்த ஹைட்ராக்சில் துண்டுகளை, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டிய துண்டுகளை, பிடித்தது. புரோமினில் ஹைட்ரஜன் ஏது? 457 அருகிலும் துண்டுகள் வந்தன. அந்தச் சிறு மேடு அமிலத்துக்கே சொந்தம்.

சிறியதுதானே என்பீர்கள். துருவ வசந்தத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே நிற்கும். சாய்ந்து வரும் ஒளியின் புற ஊதாவில் பெரும்பங்கை மேலே இருக்கும் ஓசோன் தின்றுவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளி. காற்றில் இருக்கும் இந்த அமிலத்தை உடைத்துப் புரோமின் அணுவை மறுபடி அவிழ்த்துவிடுவதில் அப்போது நீங்கள் அழித்த நுனிக்கும் பங்கு உண்டு. உறைந்த கடலின் மேல் தரைமட்ட ஓசோன் சில நாட்களில் ஏறக்குறைய இல்லாமல் போவது அந்த அணுக்களால்தான்.

கழிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 415 அருகே புரோமினின் உச்சம் இருக்கிறது; அதை வைத்துக் கலப்படத்தைக் கணக்கிட்டு, அந்த அளவுக்கு மட்டும் கழியுங்கள். மீதி எவ்வளவோ, அதைப் பிழை வரம்போடு எழுதுங்கள்.

முதலில் வந்த பதிவை எனக்கு அனுப்புங்கள். திருத்தியது வேண்டாம்.