வலிப்பு உள்ள பிள்ளைக்கு 'பி300' பரிசோதனை தேவையா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. மூன்று வருடமாக வலிப்புக்கு வால்ப்ரோயேட் கொடுக்கிறோம். ஒரு வருடமாக வலிப்பு வரவில்லை. ஆனால் படிப்பில் பின்தங்குகிறான், சொன்னது மறந்துபோகிறது. 'பி300' பரிசோதனை செய்தால் அறிவுத்திறன் துல்லியமாகத் தெரிந்துவிடும், பிறகு நாற்பது நாள் மூளைப் பயிற்சி தருகிறோம் என்கிறது ஒரு தனியார் மையம். செய்யலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள் அம்மா.

பி300 போலிப் பரிசோதனை அல்ல. பி300 என்பது ஒரு மூளை அலை, அது 1965-லேயே பதிவாகிவிட்டது. தலையில் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் கருவி) வயர்களை ஒட்டி, காதில் ஒரே மாதிரி ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பார்கள். நடுவில் எப்போதாவது வேறொரு ஒலி வரும். அதைப் பிள்ளை எண்ண வேண்டும். அந்த ஒலி வந்து சுமார் 300 மில்லிசெகண்டில் ஓர் அலை எழும். சிறு பிள்ளைகளுக்கு அது இன்னும் தாமதமாகத்தான் வரும், வளர வளர வேகம் கூடும். மூளை ஒன்றைக் கவனித்துப் பிரித்தறிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதற்கு மேல் இதில் எதுவும் தெரியாது. ஐக்யூ இதில் வராது. தூக்கக் கலக்கம், சலிப்பு, காதடைப்பு எதுவானாலும் அலை மாறிவிடும்.

இங்கேதான் ஏமாற்றுகிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் அளவைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டுத் 'தாமதம்' என்று ரிப்போர்ட் எழுதிவிடுகிறார்கள். அதே வயதுப் பிள்ளைகளின் அளவு கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். வழக்கமான இ.இ.ஜி.க்குக் கொடுப்பதுபோல் தூக்க மருந்து கொடுத்துவிட்டு பி300 எடுத்தேன் என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளை விழித்திருந்து எண்ணினால்தான் அது பரிசோதனை. ஆஸ்பத்திரி வாசலில் சீட்டைப் பார்த்து 'நல்ல இடம் இருக்கிறது' என்று அழைத்துப் போகிறவருக்கு உங்கள் பணத்தில் கமிஷன் உண்டு. கலர் கலராக மூளைப் படம் காட்டிப் பயிற்சிக்கு முன்பணம் வாங்கும் இடங்களில் எத்தனை பெற்றோர் நகையை அடகு வைத்து ஏமாந்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் மருந்தின் அளவு சரியா என்று கேளுங்கள். பினோபார்பிட்டோன், டோபிராமேட் போன்ற வலிப்பு மருந்துகள்தான் படிப்பை அதிகம் மந்தமாக்கும் என்றாலும், வால்ப்ரோயேட்டும் அளவு கூடினால் தூக்கம் தரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு நிற்காமல் தொடரும் ஆபத்து உண்டு. வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்க்கிறானா என்று டீச்சரிடம் விசாரியுங்கள், அதுவும் வலிப்பாக இருக்கலாம். அப்புறம் காது பரிசோதனை, உளவியலாளரிடம் ஐக்யூ தேர்வு.

அரசு மருத்துவமனையில் அந்தத் தேர்வுக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் வலிப்பு நோய் தனியாக இல்லை. அதனால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டுமென்றால் பெரும்பாலும் அறிவுத்திறன் குறைபாடோ கற்றல் குறைபாடோ இருப்பதாக இப்படிப்பட்ட தேர்வுகளால்தான் காட்ட வேண்டும். பி300 ரிப்போர்ட்டைக் கொடுத்தால் செல்லாது. காத்திருக்க முடியாத பெற்றோர்தான் தனியார் மையத்தில் போய் விழுகிறார்கள். இதை யாரிடம் சொல்வது!

ஒரே ஒரு நிலையில் மட்டும் எதற்கும் காத்திருக்கக் கூடாது. 'சொன்னது மறந்துபோகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். மறக்கிறானா, அல்லது பேச்சே புரியவில்லையா? நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை சில வாரங்களில் காது கேளாததுபோல் ஆகி, பேச்சும் குறைந்தால் அது லாண்டாவ்-கிளெஃப்னர் நோயாக இருக்கலாம். பகலில் வலிப்பே தெரியாமலும் இருக்கலாம். தூக்கத்தில் மூளையில் மின்கோளாறு ஓடிக்கொண்டே இருக்கும். காது டெஸ்ட் சரியாக இருக்கும், விழித்திருக்கும்போது எடுத்த இ.இ.ஜி. கூடப் பெரிதாக எதுவும் காட்டாமல் போகலாம். தூக்கத்தில் எடுக்கும் இ.இ.ஜி.தான் காட்டிக்கொடுக்கும். வீட்டிலேயே பாருங்கள்: அவன் உங்கள் முகத்தைப் பார்க்காதபோது, கை காட்டாமல், 'அடுப்படியில் இருக்கிற டம்ளரை எடுத்துவா' என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் மாற்றி மாற்றிச் சொல்லியும் புரியாமல் விழித்தால், மறுநாளே மருத்துவரிடம் போய் 'தூக்க இ.இ.ஜி. வேண்டும்' என்று கேளுங்கள்.