வாட்ஸ்அப் குழு இருக்கும்போது எங்கள் பகுதிக்கென்று தனியாக ஒரு செய்தித்தாள் எதற்கு?

கேள்வி கேட்டவர், தங்கள் குடியிருப்புப் பகுதியில் நான்கைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு தாள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகவும், குழு இருக்கும்போது அதை யார் படிப்பார்கள், அதில் என்னதான் போடுவது என்றும் கேட்டிருக்கிறார்.

போடுங்கள். நான் ஆறு வருடமாக ஐந்து தெருக்களுக்கு அப்படி ஒரு தாள் போட்டு வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு நோட்டீஸ். தெருமுனைப் பூங்காவின் ஒரு மூலையை வண்டி நிறுத்தும் இடமாக மாற்றப்போவதாக அதன் கேட்டில் ஒட்டியிருந்தார்கள். ஒரே தாள், பொடி எழுத்து, மழையில் நனைந்து பாதி மை கரைந்துவிட்டது. கடைசி வரிதான் முக்கியமான வரி: ஆட்சேபம் உள்ளவர்கள் இன்ன தேதிக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். அந்தக் கேட்டைத் தள்ளிக்கொண்டுதான் தினமும் காலையில் நடக்கப் போவேன், இரண்டு வாரமும் போனேன், ஒரு நாளும் நின்று படிக்கவில்லை. மரம் வெட்ட ஆள் வந்த பிறகு ஓடிப்போய்க் கேட்டால், "நோட்டீஸ் ஒட்டினோமே, யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நன்றாக நிழல் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு மரங்கள் அன்று மதியத்துக்குள் போய்விட்டன. எங்கள் குழுவில் அப்போது இருநூறு பேர் இருந்தோம். அந்தத் தாளை ஒருவர்கூடப் படமெடுத்துப் போட்டிருக்கவில்லை.

குழுவை நான் குறை சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, மின்சாரம் எப்போது வரும், குழந்தையைக் காணோம் என்றால் அதைவிட வேகமானது எதுவும் கிடையாது. ஆனால் காலையில் போட்ட செய்தி மாலைக்குள் வாழ்த்துக்கும் ஃபார்வர்டுக்கும் அடியில் போய்விடும், அடுத்த மாதம் பத்தாம் தேதி நடக்கப்போகும் கூட்டத்தை இன்று அதில் சொல்லி யாருக்கு நினைவிருக்கும்? அப்புறம், குழுவில் இல்லாதவர்கள் இருக்கிறார்களே: போன மாதம் வாடகைக்கு வந்தவர்கள், சாதாரண போன் வைத்திருக்கும் வயதானவர்கள், யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவர்கள். தாள் எல்லா வீட்டுக் கதவுக்கும் போகும். ஜப்பானில் இதற்கென்றே கைரன்பான் என்று ஒரு வழக்கம் உண்டு, அக்கம்பக்கச் சங்கத்தின் அறிவிப்புகளை ஓர் அட்டையில் கோத்து வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார்கள், படித்தவர் முத்திரையோ கையெழுத்தோ போட்டு அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். யார் படித்தார், யாரிடம் நின்றுபோயிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பெரிய பத்திரிகைகள் உங்கள் தெருவைக் கவனிக்கும் என்று மட்டும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே பெல் என்று ஒரு சின்ன நகரம், மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கும் குறைவு, பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்கள். அந்த நகர நிர்வாகியின் சம்பளம் வருடத்துக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர், அதாவது அந்நாட்டு ஜனாதிபதியின் சம்பளத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் எழுதிய பிறகுதான் ஊருக்கே இது தெரிந்தது, வழக்கு நடந்தது, அவர் சிறைக்குப் போனார். அதற்கு ஐந்து வருடம் முன்பு, மன்ற உறுப்பினர்கள் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பிலிருந்து நகரம் தப்பிக்க வழிசெய்த ஒரு வாக்கெடுப்பு அங்கே நடந்திருக்கிறது. அதில் வாக்களித்தவர்கள் நானூறு பேர்கூட இல்லை. எனக்கு அந்தச் சம்பளத்தைவிட இந்த நானூறுதான் தூக்கத்தைக் கெடுத்தது. வாக்கெடுப்பு ரகசியமாக நடக்கவில்லை, எங்கள் பூங்கா நோட்டீஸைப்போல எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் நடந்திருக்கிறது.

அதே அமெரிக்காவில் சின்சினாட்டி போஸ்ட் என்ற நாளிதழ் 2007 கடைசி நாளோடு நின்றுபோனது. அதை நம்பியிருந்த புறநகர்களை ஆராய்ந்தவர்கள், அதற்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட்டவர்கள் குறைந்ததையும் பதவியில் இருந்தவர்களே மறுபடி ஜெயிப்பது கூடியதையும் பார்த்தார்கள். யார் என்ன செய்தார் என்று சொல்ல ஆளில்லை என்றால் எதிர்த்து நிற்கவும் ஆள் வராது.

சரி, என்ன போடுவது? முதல் ஒரு வருடம் நான் செய்த தவறைச் சொல்கிறேன். மன்றக் கூட்டத்தில் என்ன நடந்தது, எந்தச் சாலைக்கு டெண்டர் விட்டார்கள், வரி விகிதம் என்ன ஆகப்போகிறது என்று இதை மட்டுமே போட்டேன், நான்கு பக்கம். மடித்தது மடித்தபடியே மாடிப்படியில் கிடக்கும். ஒரு மாதம் பக்கம் நிரம்பவில்லை என்று, குழந்தைகள் ஓவியப் போட்டி, நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கதை நேரம், ரத்ததான முகாம், இரண்டாவது தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இலவசமாகக் கணக்குச் சொல்லித்தருகிறார் என்று நான்கைந்து நிகழ்ச்சிகளைச் சேர்த்தேன். அந்த மாதம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் ஒரு பெண் விரலை வைத்துத் தேதி தேடிக்கொண்டு நின்றார், ஓவியப் போட்டியைக் கண்டுபிடித்துவிட்டு விரலை எடுக்காமல் அப்படியே கீழே இறக்கி, வடிகால் தோண்டப்போகும் செய்தியையும் படித்து, "இது எங்க வாசல்லயா?" என்று என்னைக் கேட்டார். வடிகால் சம்பந்தமாக அந்த வாரம் வந்த ஒரே கேள்வி அவருடையதுதான், அவர் கேட்டதால் நான் விசாரிக்கப் போய், தோண்டும் பக்கம் மாறியிருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து குடிமைச் செய்தியையும் நிகழ்ச்சிகளையும் தனித்தனிப் பக்கமாகப் பிரிப்பதே இல்லை, பக்கத்துப் பக்கத்தில்தான் போடுகிறேன்.

நிகழ்ச்சி அறிவிப்பை இட நிரப்பியாக நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெயிலில் எழுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள், நிறையப் பேர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் அங்கே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமை உண்டு, இரண்டிலும் தனியாக இருக்கும் முதியவர்கள் உண்டு, ஆனாலும் நார்த் லான்டேலில் இறப்பு விகிதம் பக்கத்து சவுத் லான்டேலைவிடப் பத்து மடங்கு. ஒன்றில் கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, வெளியே வரவே பயப்படும் நிலை. மற்றதில் எந்நேரமும் ஆள் நடமாட்டமுள்ள தெரு, வெயில் தாங்காமல் இறங்கிவர ஓர் இடம், வராவிட்டால் ஏன் காணோம் என்று கேட்க ஆள். பாரிஸில் 1999இல் அக்கம்பக்கத்தார் விழா ஆரம்பமானதும் இதே கவலையில்தான், இன்று அது பல நாடுகளில் வருடாவருடம் நடக்கிறது. ஓவியப் போட்டியில் முகம் பார்த்து வைத்தவர்தான் வெயில் நாளில் கதவைத் தட்டிப் பார்ப்பார்.

நடைமுறையில் ஒன்றிரண்டு. நீங்களே கேட்காத, பார்க்காத எதையும் போடாதீர்கள். தண்ணீர் நிறுத்தப்படும் நாளை வாய்வழி கேட்டு நான் ஒருமுறை வெள்ளி என்று போட, வியாழனே நின்றுவிட்டது, மூன்றாம் மாடியில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு குடும்பம் அன்று முழுக்கத் திண்டாடியது. அந்த வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், அடுத்த இதழில் முதல் வரியாகத் திருத்தமும் போட்டேன். அதிலிருந்து தேதி, கிழமை இரண்டையும் எழுதுவேன், அச்சுக்கு முந்தின நாள் மறுபடி போன் செய்து உறுதி செய்துகொள்வேன். திருட்டு, சண்டை பற்றி எழுதினால் சந்தேகப்படும் ஆளின் பெயரும் அடையாளமும் வேண்டவே வேண்டாம், புதிதாக வந்த ஒருவரைத் தெருவே ஒதுக்கிவைக்க ஒரு வரி போதும். மன்ற உறுப்பினரைத் திட்டி எழுத நினைத்தால் முதலில் அவரிடமே கேட்டு, அவர் சொன்னதையும் சேர்த்துப் போடுங்கள். விளம்பரம் வாங்கினால் விளம்பரம் என்று மேலே எழுதுங்கள்.

முதல் இதழுக்கு இது போதும்: அடுத்த மன்றக் கூட்டத்துக்கு உங்களில் ஒருவர் போய்க் கடைசிவரை உட்கார்ந்து, உங்கள் தெருக்களைத் தொடும் இரண்டு மூன்று முடிவுகளை மட்டும் எழுதிக்கொண்டு வரட்டும், இன்னொருவர் பூங்கா கேட், நூலகம், பள்ளி, அலுவலகப் பலகை என்று ஒரு சுற்று சுற்றி ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் படமெடுத்து வரட்டும். ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள் என்று எதிலாவது இருந்தால் அதுதான் தலைப்புச் செய்தி, பெரிய எழுத்தில், மழையில் கரையாத மையில்.