வாசகர் கேள்வி: தேர்தலைக் கண்காணிக்கத் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வேங்கடேஸ்வரர் கோயில் இருக்கிற பென்ஹில்ஸில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை எதிர்வீட்டு அம்மையார் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டு வந்தார். தங்கள் வாக்குச்சாவடியின் ‘ஜட்ஜ் ஆஃப் எலெக்‌ஷன்’ பதவிக்கு அவர் நிற்கப் போவதாக மகள் சொன்னாள். தேர்தலை ஒழுங்காக நடத்தித் தரும் பதவிக்கே தேர்தல் உண்டு என்பது எனக்குப் புதுமையாக இருந்தது. இங்கே பெங்களூரில் அப்படியொரு பொறுப்புக்கு நான் போட்டியிட முடியுமா? வார்டு உறுப்பினராக வந்தால் அந்த அதிகாரம் கிடைக்குமா? — ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு-16.

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். நம் நாட்டில் தேர்தலை நடத்துகிற எந்தப் பதவிக்கும் மக்கள் வாக்களிப்பதில்லை. வார்டு உறுப்பினராக வென்றாலும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரில் உள்ள ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த மற்றவர்களைப் போல நீங்களும் விண்ணப்பம்தான் கொடுக்க வேண்டும்.

நீங்கள் பார்த்தது பென்சில்வேனியாவின் பழைய ஏற்பாடு. அங்கே ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதிக்கும் ஒரு தேர்தல் நீதிபதியும் இரண்டு ஆய்வாளர்களும் நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ‘நீதிபதி’ என்ற பெயரைக் கண்டு நீதிமன்றத்தை நினைக்க வேண்டாம். நம் ஊர் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் வேலைதான் அது. அதற்கு, கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதற்கட்டத் தேர்தலில் நிற்கப் பத்துக் கையெழுத்துகள் போதும். ஆய்வாளர் தேர்தலில் ஒரு நுட்பம் உண்டு. இடங்கள் இரண்டு இருந்தாலும் ஒரு வாக்காளர் ஒருவருக்கு மட்டுமே வாக்களிக்க முடியும் என்பதால், இரண்டாம் இடம் பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரருக்குப் போய், ஒருவரை ஒருவர் கவனிக்கும் நிலை தானாகவே அமைந்துவிடுகிறது. இந்தப் பதவிகளுக்கு ஆளே முன்வராமல், யாரோ சிலர் சீட்டில் பெயரெழுதிப் போட்ட நான்கைந்து வாக்குகளில் ஒருவர் வென்றுவிடுவதும் அங்கே நடக்கிறது.

இந்த முறையில் எனக்கு ஓர் ஈர்ப்பு இருந்தாலும் முழு நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரே சாவடியை நடத்தினால் ஐயம் குறையும் என்பது உண்மை. ஆனால் கட்சிச் சார்போடு தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் எந்திரங்களின் சாவி போய்ச் சேரும்போது என்ன நடக்கலாம் என்பதற்குக் கொலராடோ மாநிலத்தின் மேசா கவுண்டி சான்றாக நிற்கிறது. அங்கே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்தக் கவுண்டியின் தேர்தல்களை நடத்தும் பொறுப்பிலிருந்த கிளார்க்கே, வெளியாளைத் தேர்தல் எந்திரங்களின் அருகே அனுமதித்த வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2024-இல் அவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் வேறு வழியில் போனார்கள். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களை 324-ஆம் பிரிவின்படி இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. 73, 74-ஆம் திருத்தங்களுக்குப் பின் பஞ்சாயத்து, நகராட்சித் தேர்தல்களை அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. அதன் ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார், நீக்குவதென்றால் உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்க முடியும். சாவடியில் உட்காருபவர்கள் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், உங்களைப் போன்ற வங்கி அலுவலர்கள். வேட்பாளரிடம் வேலை பார்க்கிற எவரையும் அந்தப் பணியில் அமர்த்தக் கூடாது என்று 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடுக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு குறை உண்டு, அதைப் பெங்களூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லியிருந்தும், வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, வழக்குகள் என்று தள்ளிக்கொண்டே போய், 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. தேர்தலே நடக்காத இடத்தில் எவ்வளவு நேர்மையான கண்காணிப்பாளர் இருந்தும் அவருக்கு வேலை இல்லை.

அதனால் பதவியைத் தேடாமல் வேலையைத் தேடுங்கள் என்பேன். அந்த வேலை பெரும்பாலும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. எந்திரத்தைப் பற்றி நாம் பேசுகிற அளவில் பத்தில் ஒரு பங்கு கூடப் பட்டியலைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை. 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் கலபுரகி மாவட்டத்தின் ஆளந்த் தொகுதியில், பெயர் நீக்கக் கோரி இணையவழியில் 6,018 விண்ணப்பங்கள் குவிந்தன. நேரில் போய் விசாரித்தபோது 24 மட்டுமே உண்மையானவை என்று தெரிந்து, மற்றவை நிராகரிக்கப்பட்டு, காவல் துறையில் புகாரும் பதிவானது. தெருவில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்தவர்கள் கேள்வி கேட்டிருக்காவிட்டால் அத்தனை பெயர்களும் சத்தமில்லாமல் போயிருக்கும். அதே தேர்தலில் நம் ஜெயநகர்த் தொகுதியின் முடிவு 16 வாக்கு வித்தியாசத்தில் தீர்ந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்தை ஓர் அட்டையில் விரித்து எழுதுவார்கள், இன்னொன்றில் பின்னால் தள்ளுவார்கள், மூன்றாவதில் தகப்பனார் பெயரே குடும்பப் பெயராகிவிடும். கன்னடத்தில் எழுதும்போது ழகரம் எப்படியும் மாறும். ஒரே ஆள் இருவராகவோ, இருவர் ஒருவராகவோ தோன்றுவதற்கு இதுவே போதும். வரைவுப் பட்டியல் வெளியானதும் உங்கள் பாகத்தின், அதாவது உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல் பகுதியின், பிரதியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சரிபாருங்கள். விடுபட்டவர்களுக்குப் படிவம் 6, இறந்தவர்கள், நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்கள் பெயரை நீக்கப் படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. இவற்றுள் ஏழாவதை மட்டும் நேரில் விசாரித்து உறுதி செய்துகொண்ட பிறகே கொடுங்கள். பொய்யாகக் கொடுத்தால் தண்டனை உண்டு. மாநகராட்சித் தேர்தலுக்கான வார்டுப் பட்டியலும் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்துதான் பிரித்து எடுக்கப்படுகிறது என்பதால், இந்த உழைப்பு இரண்டு தேர்தல்களுக்கும் பயன்படும்.

கேள்வி: கட்சி எதிலும் சேராமல் பூத் ஏஜென்டாக உட்கார முடியுமா? உட்கார்ந்தால் என்ன செய்ய முடியும்? — ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு-21.

பதில்: கட்சி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஏதாவது ஒரு வேட்பாளர் உங்களை முகவராக நியமிக்க வேண்டும், நீங்கள் பொதுவாக அந்தப் பாகத்தின் அல்லது பக்கத்துப் பாகத்தின் வாக்காளராக இருக்க வேண்டும். சுயேச்சை வேட்பாளருக்கும் இந்த உரிமை உண்டு. இதைப் பயன்படுத்திப் பெரிய கட்சிகள் டம்மி வேட்பாளரை நிறுத்தி, அவர் பெயரில் தங்கள் ஆட்களையே உள்ளே உட்கார வைப்பது ஊரறிந்த செய்தி. யார் தாளில் கையெழுத்திட்டு உள்ளே போகிறீர்கள் என்பதை அறிந்துகொண்டு போங்கள்.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் முகவரின் நாள் வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தொடங்குகிறது. குறைந்தது 50 வாக்குகளைக் கொண்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, எந்திரத்தின் எண்ணிக்கையை ஒப்புகைச் சீட்டுகளோடு ஒத்துப் பார்த்து, பிறகு அந்த வாக்குகளை அழித்துவிட்டு எந்திரத்துக்குச் சீல் வைப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் தாமதமாகப் போகும் முகவர் தவறவிடுவது இதைத்தான். வந்திருப்பவர் உரிய வாக்காளர் அல்லர் என்று உங்களுக்கு ஐயம் வந்தால் இரண்டு ரூபாய் வைப்புத்தொகை கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். 1961-ஆம் ஆண்டின் விதிகளில் உள்ள அந்த இரண்டு ரூபாய் இன்றுவரை ஏறவில்லை. பெங்களூரில் அந்தக் காசுக்கு இன்று வேறு என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை.

மாலையில், மற்றவர்கள் பசியோடு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், நீங்கள் கிளம்பாதீர்கள். பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யின் உண்மை நகலை, வாக்குப்பதிவு முடியும்போது அங்கே இருக்கிற ஒவ்வொரு முகவருக்கும் தலைமை அலுவலர் கொடுக்க வேண்டும். வாக்கு எண்ணும் நாளில் உங்கள் சாவடியின் எந்திரம் காட்டும் மொத்தத்தை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் பொருந்தாவிட்டால் எண்ணும் மேசையிலேயே எழுத்தில் முறையிட வேண்டும். அதற்கு மேலும் போக வேண்டியிருந்தால், முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடும் உரிமை, தோற்ற வேட்பாளருக்கு மட்டுமல்லாமல் அத்தொகுதியின் எந்த வாக்காளருக்கும் சட்டத்தில் இருக்கிறது. அந்த மனுவில் இணைக்க உங்கள் கையில் இருக்கப் போவது பெரும்பாலும் அன்று மாலை காத்திருந்து வாங்கிய அந்தத் தாள்தான்.