1846இல் அமெரிக்கா மெக்சிகோ மீது தொடுத்த போர் நியாயமானதா?

இல்லை. அது நிலத்துக்காகவே நடந்த போர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அமெரிக்க மண்ணில் மெக்சிகோ ரத்தம் சிந்தவைத்துவிட்டது என்பதுதான் அதிபர் போல்க் சொன்ன காரணம். ஆனால் அது யாருடைய மண்? மெக்சிகோவிலிருந்து பிரிந்து, 1845இல் அமெரிக்காவோடு இணைந்த மாநிலம் டெக்சாஸ். அதன் எல்லை நியூசெஸ் ஆறு என்றது மெக்சிகோ. இன்னும் தெற்கே ஓடும் ரியோ கிராண்டே ஆறு என்றது அமெரிக்கா. இரண்டுக்கும் நடுவே கிடந்த அந்த நிலத்துக்குள் ஜெனரல் டெய்லரின் படையை அனுப்பியதே போல்க்தான். ஏப்ரலில் அங்கே மோதல் வெடித்தது. அந்தச் செய்தி வாஷிங்டனுக்கு வந்தது மே 9 மாலை. அன்று பகலிலேயே, செய்தி தெரியாமலே, அமைச்சரவையில் பெரும்பாலோர் போருக்குச் சம்மதித்துவிட்டார்கள்! முந்தைய ஆண்டு கலிபோர்னியாவையும் நியூ மெக்சிகோவையும் விலைக்குக் கேட்க ஸ்லைடெல் என்பவரைத் தூது அனுப்பி, மெக்சிகோ அரசு அவரை ஏற்க மறுத்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அமெரிக்கக் குடிமக்களுக்கு மெக்சிகோ கொடுக்கவேண்டிய இழப்பீட்டுப் பாக்கி இருந்தது உண்மை. டெக்சாஸின் விடுதலையை அது ஏற்கவில்லை என்பதும் உண்மை. அதற்காகத் தலைநகரம் வரை படையெடுப்பதா?

அமெரிக்கர்களே இதைக் கேட்டார்கள். ரத்தம் சிந்திய அந்த இடத்தைக் காட்டுங்கள் என்றார், பின்னாளில் அதிபரான லிங்கன்; அப்போது அவர் நாடாளுமன்றத்தில் இளம் உறுப்பினர். போரில் நேரடியாகச் சண்டையிட்டவரும் பின்னாளில் அதிபரானவருமான கிராண்ட், வலிய நாடு எளிய நாட்டின் மீது தொடுத்த மிக அநியாயமான போர்களில் ஒன்று என்று பிற்காலத்தில் எழுதினார். போரை முடித்த 1848 ஒப்பந்தத்தில் மெக்சிகோவுக்குக் கிடைத்தது 1.5 கோடி டாலர். டெக்சாஸையும் சேர்த்தால் அது இழந்தது ஏறத்தாழ பாதி நாடு.