வேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இமயமலை அனுபவம் இல்லாமல் நேராகக் கிளிமாஞ்சாரோ ஏற முடியுமா? வழிகாட்டி கட்டாயமா?

கேட்டவர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியிருக்கிறார். வயது நாற்பதுக்கு மேல், வருஷத்துக்கு இரண்டு தடவை பௌர்ணமிக்குப் பர்வதமலை ஏறுவார், பனி பார்த்ததில்லை, வழிகாட்டியைத் தவிர்த்தால் செலவு குறையுமா என்று யோசிக்கிறார். ஏறக்குறைய என் கதைதான், அதனால் எழுதுகிறேன்.

போகலாம். வழிகாட்டி இல்லாமல் மட்டும் முடியாது. அந்த மலை ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி கூட இல்லையென்றால் பூங்கா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்களைப் பற்றி எனக்கு இருக்கும் பயம் வேறு. நீங்கள் பர்வதமலை ஏறிப் பழகியவர் என்பதுதான் அந்தப் பயம்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். 2023 செப்டம்பரில், 46 வயதில் போனேன். கூட வந்தவர் மேல்விசாரத்து பாய் ஒருவர். தோல் வியாபாரம், என்னைவிட ஐந்து வயது பெரியவர், எடையும் பதினைந்து கிலோ கூட. என்னைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார். நான் பர்வதமலை அடிவாரத்துத் தென்மாதிமங்கலத்தில் இருந்து உச்சிக்கு இரண்டரை மணி நேரத்தில் ஏறுகிறவன். பாய்க்கு ஐந்து மணி நேரம் ஆகும், அதிலும் பாதி நேரம் சுக்குக் காப்பிக் கடையில். யார் கிளிமாஞ்சாரோ உச்சியைத் தொட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உயரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். வேலூர் கடல்மட்டத்தில் இருந்து இருநூறு மீட்டர் சொச்சம்தான். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவுக்கே பெரிய ஆனைமுடி 2,695. நாங்கள் போன மச்சாமே பாதையில் முதல் நாள் ராத்திரி கூடாரம் போடும் இடமே 2,835 மீட்டர்! அதாவது நம் தெற்கில் உள்ள எல்லா மலையும் முடிந்த பிறகுதான் அந்த மலையில் முதல் தூக்கம். அங்கிருந்து இன்னும் மூன்றாயிரம் மீட்டர் மேலே இருக்கிறது 5,895 மீட்டர் உச்சி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதி. இதற்கு ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ பயிற்சி எடுக்க முடியாது. கால் பலத்துக்கு வேண்டுமானால் எடுக்கலாம். நான் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழு கிலோ அரிசியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு சோளிங்கர் பெரிய மலைப் படி ஏறினேன். ஆயிரத்து முந்நூறு படி. முட்டிக்கு உண்மையாகவே உதவியது, முக்கியமாக இறக்கத்தில்.

கயிறு, கோடாரி எதுவும் தேவையில்லை, முழுக்க நடைதான். பரான்கோ சுவர் என்று ஒரு செங்குத்தான பாறைச் சரிவில் மட்டும் கையையும் ஊன்ற வேண்டும். பர்வதமலைக் கடப்பாரைப் படியில் தொங்கி ஏறியவருக்கு அது ஒன்றுமே இல்லை. அங்கே எனக்கு முன்னால் இருந்த வெள்ளைக்காரர்கள் திணறியதைப் பார்த்து எனக்குத் தலைக்கனம் கூடியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வழிகாட்டி வாய் திறந்தாலே 'போலே போலே' என்பார். சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அந்த மெதுவை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். சாமி ஊர்வலத்தில் தேருக்குப் பின்னால் நடக்கும் நடை. பாய்க்கு அது இயல்பாகவே வந்தது. எனக்குக் கடுப்பு. மூன்றாம் நாள் லாவா டவர் என்ற இடத்துக்கு, 4,600 மீட்டருக்கு மேல், எல்லோருக்கும் நாற்பது நிமிஷம் முன்னால் போய் உட்கார்ந்தேன். உதவி வழிகாட்டி பாவம், என் பின்னாலேயே ஓடி வந்தார். அந்த நாளின் நோக்கமே வேறு என்று பிறகுதான் தெரிந்தது. மேலே கூட்டிப்போய் உடம்புக்குக் குறைந்த காற்றைக் காட்டிவிட்டு, ராத்திரிக்கு 3,900 சொச்சத்துக்கு இறக்கிப் படுக்க வைப்பார்கள். உயரத்தில் ஏறு, தாழ்வில் தூங்கு என்பதுதான் கணக்கு. உடம்பு மூச்சை ஆழமாக்கிக்கொண்டு குறைந்த காற்றுக்குப் பழக நாள் கேட்கிறது. அதனால்தான் ஐந்து நாள் பாதையை எடுக்காதீர்கள் என்கிறேன். ஏழு நாளாவது வேண்டும்.

அன்று சாயங்காலமே தலைவலி. சாப்பாடு இறங்கவில்லை. காலையும் மாலையும் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை மாட்டுவார்கள், கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே அதேதான். ஊரில் 98 காட்டியது அங்கே 84. அது அந்த உயரத்துக்குச் சாதாரணம் என்றார்கள். ஆனால் தலைவலி இருக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். கணக்கு எழுதுகிறவன் கணக்கை மறைத்த கதை. உயரத்தில் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்கிற அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தேன், ஆனால் பாதி நாள் போடவில்லை. விரல் நுனி மரத்துப்போகிறது, ராத்திரியில் நாலு தடவை கூடாரத்தை விட்டு வெளியே ஓட வேண்டியிருக்கிறது, அதுதான் காரணம். நீங்கள் புறப்படும் முன் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். உகாலி என்று மக்காச்சோள மாவில் கிண்டுவது நம்ம களிதான், நிறம் மட்டும் வெள்ளை. காலையில் ஊஜி, அது கூழ். சாய், சபாத்தி என்ற பெயர்களே அங்கும் அப்படியே. பாய்க்கு இன்னும் குஷி. கடைசி முகாமின் பெயர் பராஃபு. பனிக்கட்டி என்று அர்த்தம் சொன்னதும் "பரஃப்! நம்ம உருது இல்ல இது!" என்று கத்திவிட்டார். சுமை தூக்குபவர்கள் எங்களைக் 'காகா' என்பார்கள். அண்ணன் என்று அர்த்தமாம். முகாமில் கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட பெரிய காக்கைகள் சுற்றிக்கொண்டே இருக்கும், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று முதல் இரண்டு நாள் எனக்குக் குழப்பம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் என் தொழில். நாங்கள் போனபோது பூங்காக் கட்டணம் ஒரு நாளைக்கு 70 டாலர், கூடாரத்துக்கு ஒரு ராத்திரிக்கு 50, மீட்புக் கட்டணம் 20. ஏழு நாள், ஆறு ராத்திரி, மேலே 18 சதவீத வரி சேர்த்தால் தலைக்கு ஏறக்குறைய 955 டாலர் அரசாங்கத்துக்கே போகிறது. எங்கள் இரண்டு பேருக்கு இரண்டு வழிகாட்டி, ஒரு சமையல்காரர், எட்டு சுமை தூக்குபவர்கள், மொத்தம் பதினோரு பேர். தலைக்கு 1,300 டாலருக்கு முழு ஏற்பாடும் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், தலைக்கு மிச்சம் 345, இரண்டு பேருக்கும் சேர்த்து 690 டாலரில் பதினோரு பேரின் ஏழு நாள் கூலியும் சாப்பாடும் எப்படி வரும் என்று வகுத்துப் பாருங்கள். அந்தப் பணத்தை எங்கே பிடிக்கிறார்கள் என்று புரியும். ஒருவர் 20 கிலோதான் தூக்க வேண்டும் என்று விதி, வாசலில் தராசு வைத்து நிறுக்கிறார்கள். பராஃபுவில் தண்ணீரே கிடையாது. நாம் குடிக்கிற ஒவ்வொரு டம்ளரும் கீழே கராங்கா பள்ளத்தாக்கில் இருந்து ஒருவர் சுமந்து வந்தது. முடிவில் தலைக்கு 250 டாலர் இனாம் கொடுத்தோம். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைசி ராத்திரி. பராஃபு முகாமின் 4,673 மீட்டரில் இருந்து நள்ளிரவு புறப்பாடு. மேலே பார்த்தால் தலைவிளக்குகள் வரிசையாக, பௌர்ணமி ராத்திரி பர்வதமலையில் டார்ச் லைட் போவது போலவே இருந்தது. குளிர் மைனஸ் பதினைந்து என்றார்கள். மார்கழிக்கே மங்கி கேப் தேடுகிற ஊர்க்காரன் நான், என்னத்தைச் சொல்ல. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், பனி மேல்பக்கம்தான் முதலில் கட்டும், வாய் அடைக்காது. உறிஞ்சும் குழாய் வேலைக்காகாது, ஒரு மணி நேரத்தில் உறைந்துவிட்டது. சரளைச் சரிவில் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி வழுக்கும். ஆறரை மணி நேரம். பாய் எனக்குப் பின்னால் ஒரே தாளத்தில், கடிகாரம் மாதிரி வந்துகொண்டிருந்தார்.

விடியும் நேரத்தில் எரிமலை வாயின் விளிம்பை, ஸ்டெல்லா பாயின்ட்டைத் தொட்டோம். அங்கிருந்து உச்சிக்கு ஒரு மணி நேரம்தான், ஏற்றமும் லேசு. தலைமை வழிகாட்டி என்னைப் பார்த்து, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். எனக்குச் சரியாக நடந்ததாகத்தான் நினைப்பு. டாஸ்மாக் வாசலில் பார்க்கிற நடை என்று பாய் பிறகு சொன்னார். மூளையில் நீர் கோக்கத் தொடங்கினால் முதலில் போவது இந்தத் தடுமாறாத நடைதானாம். அதற்கு உடனடி மருந்து கீழே இறங்குவதுதான். நான் சண்டை போட்டேன், பணம் கட்டியிருக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் என் பையைக் கழற்றி உதவி வழிகாட்டியிடம் கொடுத்து, என் தோளைப் பிடித்துக் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டார். பராஃபு வந்தபோதே தலை தெளிந்துவிட்டது. அந்த ஆள் இல்லாமல் தனியாகப் போயிருந்தால் நான் நிச்சயம் மேலேதான் நடந்திருப்பேன்.

பாய் உச்சிக்குப் போய், மிச்சம் இருக்கும் பனிப்பாறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பத்து மணிக்கு அதே தேர் நடையில் இறங்கி வந்தார். "கணக்கு, டீ இருக்கா?" என்பதுதான் முதல் வார்த்தை.

நீங்கள் ஜனவரி, பிப்ரவரியிலோ, ஜூன் முதல் அக்டோபருக்குள்ளோ போங்கள், மற்ற மாதங்களில் மழை. பிளாஸ்டிக் கைப்பை அந்த நாட்டில் தடை, துணிப்பை எடுத்துப்போங்கள். பெரிய ஜாக்கெட், தூக்கப்பை எல்லாம் மோஷி நகரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். ஷூ மட்டும் இங்கேயே வாங்கி, இரண்டு மாதம் போட்டுப் பழகிவிடுங்கள்.

ஸ்டெல்லா பாயின்ட் வரை போனதற்கும் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அதை அம்மாவிடம் காட்டி, உச்சிக்குப் போகவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது என்று விளக்கினேன். புறப்படும்போதே அந்த மலையில் என்ன சாமி என்று கேட்டு, இல்லை என்றதும் முகம் சுளித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமியே இல்லாத மலைல எதுவரைக்கும் போனா இன்னா நைனா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.