சைக்கிளில் லைற் இல்லை என்கிறார்கள்: நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது, வயல் செய்கிறவர். மூன்று மாதத்துக்கு முன், இரவு ஏழு மணி போல, கரியரில் ஒரு மூட்டை தவிட்டோடு பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் வந்தவர். வலப்பக்கம் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும்போது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள். 'சைக்கிளில் லைற் எரியவில்லை, கை காட்டாமல் திரும்பினார், பிழை அவரில்தான்' என்று பொலிசில் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள்காரரின் வீட்டார் முதலில் 25,000 ரூபாய் தந்தார்கள். இப்போது இன்னும் 50,000 தருகிறோம், சமாதானக் கடிதத்தில் கையெழுத்து வையுங்கள் என்கிறார்கள். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லாதபடியால் வழக்குப் போட்டும் பயனில்லை என்று அயலவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம், ஐயா?
— வாசகி, தருமபுரம்

பதில்: அந்தக் கடிதத்தில் இப்போதைக்கு அப்பாவும் கையெழுத்து வைக்கக்கூடாது, நீங்களும் வைக்கக்கூடாது. 'முழுமையும் இறுதியுமான தீர்வாக' என்ற சொற்கள் அதில் இருந்தால் அது ஓர் ஒப்பந்தம். ஆறு மாதம் கழித்துத் தகட்டில் கிருமி பிடித்து இரண்டாம் சத்திரசிகிச்சை வந்தாலும் அதற்கு மேல் கேட்பது மிகக் கடினம். எலும்பு பொருந்தியதா, கால் கட்டையாகுமா, வயலில் இறங்க முடியுமா என்பது தெரியாமல் விலை பேசக்கூடாது.

வாங்கிய 25,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. 'மருத்துவச் செலவுக்கான முற்பணம், எமது ஏனைய உரிமைகளுக்குப் பாதிப்பின்றி' என்று எழுதிப் பற்றுச்சீட்டு கொடுத்துவிடுங்கள். பிறகு கிடைக்கும் தொகையில் அது கழிக்கப்படும்.

அயலவர்கள் சொல்வது சட்டத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. காப்புறுதி இருக்க வேண்டியது மோட்டார் வாகனத்துக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 99ஆம் பிரிவின்படி மூன்றாந் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் சைக்கிளும் வீதியில் ஓடக்கூடாது. அந்த மூன்றாந் தரப்பு உங்கள் அப்பாதான்.

பிழை அவரில் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கதவு மூடப்படுவதில்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு, பாதிக்கப்பட்டவரின் கவனயீனமும் விபத்துக்குக் காரணமாக இருந்தால் நீதிமன்றம் அவருடைய பங்கை மதிப்பிட்டு நட்டஈட்டைக் குறைக்கும். மொத்த நட்டம் 10 இலட்சம், அப்பாவின் பங்கு 40 வீதம் என்று தீர்ந்தால் 6 இலட்சம் கிடைக்கும். ஆகவே உங்கள் வழக்கு அந்த வீதத்தைக் குறைக்கும் வழக்கு.

அதற்கு முதற் சாட்சி சைக்கிள். பொலிசில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் றிம்மை நிமிர்த்தவோ கழற்றவோ வேண்டாம். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கவும் வேண்டாம். வன்னியில் சைக்கிள் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது என்பதால் அடுத்த கிழமையே கடையில் விட்டுத் திருத்திவிடுவார்கள், சாட்சியும் அதோடு போய்விடும். பின்சில்லும் மட்காட்டும் முன்பக்கமாக மடிந்திருந்தால், நேரே போய்க்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்து மோதியதாகச் சொல்லலாம். வலப்பக்கப் பெடலும் கிராங்கும் வளைந்து பின்சில்லு முழுதாக இருந்தால், குறுக்கே திரும்பிய பிறகு பட்ட அடி. முறிந்தது வலது கால் என்பதால் எதிர்த்தரப்பு இந்த இரண்டாவதைத்தான் சொல்லும். அப்படியானால் அப்பா நடுக்கோட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் என்பது கேள்வியாகும். பொலிசார் அளந்து கீறிய வரைபடத்தில் மோதிய இடம், பிரேக் தடத்தின் நீளம், தவிடு கொட்டிய இடம் ஆகியவை உண்டா என்று பார்க்க வேண்டும்.

லைற் விஷயத்தில் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். டைனமோ லைற் சில்லு சுற்றினால்தான் எரியும். பொலிசார் வந்தபோது சைக்கிள் விழுந்து கிடந்திருக்கும், அப்போது எரியாதது ஒன்றையும் நிரூபிக்காது. டைனமோவின் தலை ரயரில் படும்படி சாய்ந்திருக்கிறதா, விலகி நிற்கிறதா என்று தொடாமல் படம் எடுங்கள். ரயரின் பக்கத்தில் டைனமோ ஓடிய மினுங்கல் கோடு இருந்தால் அதையும் எடுங்கள். பிறகு பொலிசார் முன்னிலையிலோ மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்கும்போதோ சில்லைச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பல்ப்பை மாற்ற வேண்டாம், அறுந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

ஆனால் பின்னால் வந்தவருக்குத் தெரிய வேண்டியது முன் லைற் அல்ல, பின் மட்காட்டின் சிவப்புத் தெறிப்பான். இதில்தான் உங்கள் பக்கத்துப் பலவீனம் இருக்கலாம். கரியரில் குறுக்காகக் கட்டிய மூட்டை இரு பக்கமும் தொங்கினால் தெறிப்பானை மறைத்துவிடும். தெறிப்பான் நல்லதாக இருந்தும் இல்லாததற்குச் சமன். பாரம் பின்னால் இருக்கும்போது ஒரு கையை விட்டுச் சைகை காட்டினால் முன்சில்லு ஆடும், அதனால் பலர் காட்டுவதே இல்லை. அப்படியான வேளையில் இடது கரையில் இறங்கி நின்று, இரு பக்கமும் பார்த்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடப்பதுதான் கவனமுள்ளவர் செய்வது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். அதற்கும் பதில் உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். தன் லைற் காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில், ஒழுங்கைகளும் மாடுகளும் உள்ள வீதியில் வந்தது அவருடைய கவனயீனம். அறுவடைக் காலமென்றால், வீதிக் கரையில் நெல் காயப்போட்டிருந்ததா என்றும் விசாரியுங்கள். கரையில் இடமில்லாமல்தான் சைக்கிள் நடுவுக்கு வந்தது என்றால் மதிப்பீடே மாறும்.

அப்பா ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது? 'திரும்பும்போது பின்னால் வந்ததைக் காணவில்லை' என்று இருந்தால், திரும்பிப் பார்க்கவில்லை என்றே வாசிப்பார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தை வாசித்துக் காட்டித் திருத்த இடம் கொடுத்தபிறகே கையெழுத்து வாங்க வேண்டும். விளங்காத மொழியில் எழுதியிருந்தால் தமிழில் வாசிக்கக் கேட்பது உரிமை. கொடுத்ததை அழிக்க முடியாது. விடுபட்டவற்றைச் சேர்த்து மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம். முறைப்பாட்டின் பிரதியைக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்.

எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவில் கடுங்காயம். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை பொலிசுக்குப் போயிற்றா என்று கேளுங்கள். பொலிஸ் அப்பாவின் மேலேயே வழக்குப் போட்டால், 'சின்ன வழக்கு, தண்டப்பணம் கட்டி முடிப்போம்' என்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்த ஒப்புதல் பிறகு நட்டஈட்டு வழக்கில் அவருக்கு எதிராக நீட்டப்படும்.

நட்டத்தைக் காட்ட, அரச வைத்தியசாலையில் இலவசம்தானே என்று சும்மா இருக்க வேண்டாம். வெளியில் வாங்கிய மருந்து, ஊன்றுகோல், கிளினிக் போய்வர ஓட்டோவுக்குக் கொடுத்தது எல்லாவற்றுக்கும் துண்டு வேண்டும். வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லாத கமக்காரருக்கு கமநல சேவை நிலையத்தில் உள்ள வயல் பதிவு, நெல் விற்ற சிட்டை, கமக்காரர் அமைப்பின் கடிதம் உதவும். அவர் செய்யும் வேலைக்கு இப்போது கூலிக்கு ஆள் பிடிக்கிறீர்கள் என்றால், பெயர், திகதி, கூலி எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வேதனைக்கும் நிரந்தர ஊனத்துக்கும் தனியாகக் கேட்கலாம்.

காலவரையறை இரண்டு வருடம், விபத்து நடந்த நாளிலிருந்து. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அது நிற்காது. 'அடுத்த மாதம் தருகிறோம்' என்று இழுத்தே பலருடைய வழக்கு செத்திருக்கிறது. விபத்து நடந்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் தொடரலாம். தருமபுரம் என்றால் கிளிநொச்சி, அதே வீதியில் கிழக்கே மாவட்ட எல்லை தாண்டி நடந்திருந்தால் முல்லைத்தீவு.

வழக்குக்கு முன் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்தையும் பொலிசில் எடுத்து, சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். வழக்குக்கு முன்னரோ, தொடுத்து 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் போக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 106ஆம் பிரிவு சொல்கிறது. இது தவறினால் தீர்ப்பு கையில் இருந்தும் நிறுவனம் பணம் தர மறுக்கலாம், மோட்டார் சைக்கிள்காரரிடம் வசூலிக்கவோ ஒன்றும் இருக்காது. சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். கிராம அலுவலரின் வருமான உறுதிப்பத்திரம், அப்பாவின் அடையாள அட்டை, வைத்தியசாலை அட்டை, முறைப்பாட்டுப் பிரதி, இவற்றோடு அந்தச் சமாதானக் கடிதத்தின் பிரதியையும் கொண்டுபோங்கள்.