கோட்டுக்கு எந்தப் பக்கம் தகடு? கப்பல் ஃபிட்டர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐடிஐ ஃபிட்டர் முடித்துக் கொச்சியில் அப்ரெண்டிஸாக இருக்கிறேன். 12 மி.மீ. கனமுள்ள ஃப்ளோர் தகட்டை (கப்பலின் அடிப்பகுதிக்குள் குறுக்கே செங்குத்தாக நிற்கும் தகடு) மார்க்கிங் கோட்டை ஒட்டியே நிறுத்தி டேக் அடித்தேன், அதாவது தற்காலிகமாகச் சிறு சிறு வெல்ட் வைத்தேன். ‘12 மி.மீ. தள்ளியிருக்கிறது, பிரி’ என்கிறார் சூப்பர்வைசர். கோடு தப்பா, நான் தப்பா?
- வாசகர், தூத்துக்குடி

கோடு சரிதான். நீங்கள் பக்கத்தை மாற்றி வைத்திருக்கிறீர்கள். கப்பல் வரைபடத்தில் வரும் கோடு தகட்டின் நடுவைக் காட்டுவதில்லை, பெரும்பாலும் அதன் ஒரு முகத்தைத்தான் காட்டும். இதை மோல்டட் லைன் என்பார்கள். கனம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் கோட்டருகே சிறு முக்கோணமோ குறுக்குக் கீறலோ சொல்லும். அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் வைத்தால் தகடு தன் முழுக் கனத்துக்கும் நகர்ந்துவிடும்.

பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டேங்க் டாப் தகட்டுக்கு (அடித்தள டேங்குகளின் மேல்மூடி) மேலே பல்க்ஹெட் என்னும் தடுப்புச்சுவர், கீழே உங்கள் ஃப்ளோர். இரண்டும் நேருக்கு நேர் நின்றால்தான் மேலே விழும் பாரம் கீழே இறங்கும். முக்கியமான இடங்களில் மெல்லிய தகட்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குவரைதான் விலகல் அனுமதி, அதாவது 12-க்கு 4 மி.மீ. உங்களுடையதில் மேல் தகடும் கீழ் தகடும் ஒன்றின்மேல் ஒன்று படவே இல்லை. டேக் அடிப்பதற்கு முன் சாக்பீஸால் கனப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுக்கொள்ளுங்கள். டேக் மட்டும் என்றால் கிரைண்டரில் அரை மணி நேர வேலை. முழு வெல்டிங் முடிந்தபின் தெரிந்தால் கௌஜிங் செய்து, அதாவது வெல்டை உருக்கி எடுத்து, மொத்தமாகத் தோண்ட வேண்டும்.

இரண்டு தகடுகளுக்கு நடுவே கேப் கொஞ்சம் கூடிவிட்டால் வெல்டர் நிரப்பிக்கொள்ள மாட்டாரா?
- வாசகர், நாகப்பட்டினம்

நிரப்புவார், அதுதான் வம்பு. ஃபில்லட் இணைப்பில் (ஒரு தகட்டின்மேல் இன்னொன்றை நிறுத்தி மூலையில் வெல்ட் செய்வது) 2 மி.மீ. கேப் வரை சரி, 3 எல்லை. கப்பல்களின் தரத்தைச் சரிபார்க்கும் வகைப்பாட்டுக் கழகங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐஏசிஎஸ்ஸின் 47-ஆம் பரிந்துரை இதைப் படிப்படியாகச் சொல்கிறது. கேப் 3-க்கு மேல் 5 வரை என்றால், 2-ஐத் தாண்டிய அளவை வெல்டின் லெக்கில் (மூலையிலிருந்து தகட்டில் வெல்ட் படரும் நீளம்) கூட்ட வேண்டும். 6 மி.மீ. லெக் கேட்ட இடத்தில் கேப் 4 என்றால் லெக் 8. 5-க்கு மேல் 16 வரை போனால் விளிம்பைச் சாய்த்துக் கிரைண்ட் செய்து, தேவைப்பட்டால் பின்னால் தாங்கு பட்டை வைத்து, வெல்டால் கட்டியெழுப்ப வேண்டும். 16-ஐத் தாண்டினால் குறைந்தது 300 மி.மீ. அகலத்துக்குத் தகட்டை வெட்டிப் புதுத்துண்டு போட வேண்டும்.

சிலர் கேப்புக்குள் வெல்டிங் ராடையோ கம்பியையோ திணித்து மேலே பூசிவிடுவார்கள். வெளியே பளபளவென்றிருக்கும், உள்ளே ஒட்டியே இருக்காது. கேப்பை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நீளம் முழுக்கப் பாருங்கள். இரண்டு முனையிலும் சரியாக இருந்து நடுவில் 5 நிற்பது சகஜம்.

தகட்டை இழுத்துப் பிடிக்கத் தற்காலிகமாக வெல்ட் செய்த டாக்கைச் (dog) சுத்தியலால் ஓங்கி அடித்தால் சட்டென்று விழுகிறது. தவறா?
- வாசகர், எண்ணூர்

தவறு. விழும்போது தகட்டின் சதையையும் பிய்த்துக்கொண்டு போகும், அந்தக் குழியில்தான் விரிசல் பிறக்கும். 2, 3 மி.மீ. விட்டு கேஸ் கட்டிங்கில் வெட்டி, மிச்சத்தைக் கிரைண்ட் செய்யுங்கள்.

காலையில் சரியாக இருந்த டெக் அளவு மதியம் மாறிவிடுகிறது. டேப் கோளாறா?
- வாசகர், விசாகப்பட்டினம்

வெயில். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.012 மி.மீ. நீளும். 12 மீட்டர் பிளாக் (கப்பலின் தனியாகக் கட்டப்படும் ஒரு பகுதி) 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. வெயில் படும் மேல்பக்கம் மட்டும் நீள்வதால் பிளாக் வளையவும் செய்யும். கடைசி அளவை விடியற்காலையில் எடுங்கள்.

டீ குடிக்கப் போகும்போது எல்பிஜி, ஆக்சிஜன் கட்டிங் ஹோஸ்களை டபுள் பாட்டம் டேங்குக்குள்ளேயே (கப்பலின் இரட்டை அடித்தளத்துக்குள் இருக்கும் டேங்க்) விட்டுப் போகலாமா? டார்ச் வால்வை மூடிவிட்டுத்தான் போகிறோம்.
- வாசகர், கொச்சி

கூடாது. டார்ச் வால்வை நம்பாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் ஃப்ளோர்களுக்கு நடுவே தேங்கி நிற்கும். ஆக்சிஜன் கசிவு இன்னும் மோசம்: வாசனையே கிடையாது, உடுப்பில் ஊறும், ஒரு பொறி போதும். இரண்டு ஹோஸையும் திறந்த டெக்குக்கு இழுத்துவிட்டு, வாயு பிரிந்து வரும் மேனிஃபோல்டில் கழற்றுங்கள். திரும்ப இறங்குமுன் வாயு அளக்கும் மீட்டரில் ஆக்சிஜன் 19.5-க்கும் 23.5 சதவீதத்துக்கும் நடுவே இருக்கிறதா, எரிவாயு ஏதும் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புழுக்கமாக இருக்கிறது என்று ஆக்சிஜன் ஹோஸைத் திறந்து ‘காற்று’ வாங்குவது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. அப்படிச் செய்பவர் பக்கத்தில் இருந்தால் நீங்கள் மேலே ஏறிவிடுங்கள்.